சீல் கிட்டா, புது காலிப்பரா? கடலோரத்து டிராக் காருக்கு எது சரி

குமரி மாவட்டக் கடலோரக் குளச்சலிலோ முட்டத்திலோ நிறுத்திவைத்து, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஆகிய பந்தயத் தடங்களுக்குக் கொண்டுபோய் ஓட்டும் காரின் பிரேக்குக்கு இரண்டு பக்கமும் அடி. டிராக்கில் ஏறும் சூடு, காலிப்பரில் (பேட்டை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) பிஸ்டனைச் சுற்றியுள்ள டஸ்ட் பூட் என்ற ரப்பர் உறையைக் கருக்கி வெடிக்கவைக்கிறது. ஊர் திரும்பியதும் அந்த வெடிப்பு வழியாக உப்பு ஈரம் உள்ளே போய் பிஸ்டனை அரிக்கிறது; பிஸ்டன் சிக்கினால் சக்கரம் இறுகிவிடும். காலிப்பர் வாங்குவதோ பழுதுபார்ப்பதோ, எதுவானாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் நோய் எங்கே என்று பாருங்கள். சக்கரம் இறுகி நிற்கும்போதே, சூடு ஆறியபின் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பிளீடர் நிப்பிளை (காலிப்பரிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) லேசாகத் திறக்கவும். பிரேக் ஆயில் பீய்ச்சி, சக்கரம் சுற்றத் தொடங்கினால் காலிப்பர் மேல் குற்றமில்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம்; இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போது அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டர் அதை விடாமல் பிடித்திருக்கலாம். நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் போகவில்லையா? பிஸ்டனோ, காலிப்பர் வழுக்கி நகரும் பின்னோ (pin) ஜாம். ஸ்விஃப்ட் போன்ற கார்களின் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் உள்பக்கப் பேட் தேய்ந்துபோய் வெளிப்பக்கப் பேட் தடிமனாகவே இருந்தால் முதல் சந்தேகம் பின் மேல்தான். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமலே நல்ல காலிப்பரைக் கழற்றி எறிவது எனக்கு மனம் பொறுக்காத விஷயம்.

பெரும்பாலான நேரம் என் ஓட்டு, பழைய காலிப்பரைப் பிரித்து ரப்பர் சீலையும் பூட்டையும் புதிதாகப் போடும் சீல் கிட்டுக்குத்தான். காரணம் எளிது: இந்த வகைக் காலிப்பரில் சீல், உடம்பில் வெட்டிய காடிக்குள் உட்கார்ந்து பிஸ்டனின் பரப்பை அணைத்துப் பிடிக்கிறது. அதனால் வழவழப்பாக இருக்க வேண்டியது பிஸ்டன்தான். அதில் துருக்குழி விழுந்திருந்தால் பிஸ்டனையும் மாற்றுங்கள். எமரி தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும், அடுத்த மழைக்குள் மறுபடி துரு. சீல் காடியையும் கவனமாகச் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே படிந்த துரு சீலை உள்நோக்கித் தள்ளி, புது சீல் போட்டாலும் பேட்டை உரசவைக்கும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அவை இந்த ரப்பரை வீங்கவைத்துவிடும். புது பிரேக் ஆயிலோ பிரேக் கிளீனரோ போதும். பின்னுக்குச் சாதாரண கிரீஸ் போடாமல், சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸ் போடவும்.

புது காலிப்பர் எப்போது? காடி ஆழமாக அரித்துப்போனாலோ, நிப்பிள் மரை போனாலோ, உடம்பில் விரிசல் தெரிந்தாலோ யோசிக்கவே வேண்டாம். பழைய சாமான் கடைக் காலிப்பர் மலிவுதான். ஆனால் அதையும் பிரித்து கிட் போட்டே ஆக வேண்டும் என்பதால், உடம்பு கெட்டு, புதியது கிடைக்காத காருக்கு மட்டுமே அதை ஏற்பேன்.

நான்கு பிஸ்டன் காலிப்பர் மேல் பலருக்கும் ஆசை. ஜாம் ஆகப் பின் இல்லை, பேட்டும் பெரிது. சுத்த டிராக் காருக்கு அருமையான சாமான். ஆனால் பந்தயத்துக்கென்றே செய்த பல காலிப்பர்களில் டஸ்ட் பூட்டே கிடையாது. எப்படியும் கருகும் என்று விட்டுவிடுகிறார்கள். பந்தயம் முடிந்ததும் பிரித்துப் பார்க்கும் அணிக்கு அது சரி. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பார்க்கும் நம் மாவட்டத்தில், வாரக்கணக்கில் வெளியே நிற்கும் காருக்கு அது ஒத்துவராது. பூட் உள்ள மாடலையே கேட்டு வாங்குங்கள்.

பிரேக் ஆயிலிலும் இதே சூடு, ஈரம் கதைதான். டாட் (DOT) என்பது ஆயிலின் தரக்குறியீடு; டாட் 4 தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155. டாட் 5.1-க்கு 260, 180. 300 டிகிரியைத் தாண்டும் பந்தய ஆயிலும் உண்டு, ஆனால் பழசானால் அதிலும் அந்த உயரம் நிற்காது. ஈரக்காற்றுள்ள நம் ஊரில் விலையைவிட முக்கியம் எப்போது மாற்றினோம் என்பது. நல்ல டாட் 4-ஐ ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் புதிதாக ஏற்றுவதே, விலை உயர்ந்த ஆயிலை வருடக்கணக்கில் வைத்திருப்பதைவிட மேல்.

பேட்டைப் பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடுங்கள். மெலிந்த பேட் டிஸ்க் சூட்டை நேரே பிஸ்டனுக்குக் கடத்தும். கடைசிச் சுற்றை பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு, பிட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீடு வந்ததும் சக்கரத்தைக் கழற்றி பூட்டைப் பாருங்கள். கருகியிருந்தால் அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.