மொத்த மேற்கோள்களா, எச்-இண்டெக்ஸா?

உயிர்மருத்துவ ஆய்வாளர் ஒருவரை மொத்த மேற்கோள்களால், அதாவது அவர் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் சுட்டிக்காட்டிய மொத்தத் தடவைகளால், எடைபோட்டால், ஒரே கட்டுரை தராசைச் சாய்த்துவிடும். புரதத்தை அளவிடும் முறை பற்றி ஆலிவர் லோரி குழுவினர் 1951இல் வெளியிட்ட கட்டுரை 3 லட்சம் தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. அது மகத்தான கட்டுரை அல்ல என்று லோரியே ஒப்புக்கொண்டார்! ஆய்வகத்தில் அன்றாடம் தேவைப்பட்ட செய்முறை, அவ்வளவுதான்.

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-இண்டெக்ஸ் என்ற அளவுகோலில் அந்தக் கட்டுரை ஒன்றாக மட்டுமே எண்ணப்படும். தலா 20 மேற்கோளாவது பெற்ற 20 கட்டுரைகள் இருந்தால்தான் எண் 20ஐ எட்டும். தொடர் உழைப்பு இதில் தெரிகிறது. என் ஓட்டு இதற்கே. ஆனால் இளையவர்களுக்கு இது கஞ்சன்: ஐந்தே கட்டுரை எழுதியவர், அவை எவ்வளவு சிறந்தவையானாலும், 5ஐத் தாண்ட முடியாது. நூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் நடுவே பெயர் வந்தவருக்கோ இரண்டுமே முழுப் பங்கை அள்ளிக்கொடுக்கின்றன.