மடிநோய்: காம்பு டியூபா, ஊசியா, கற்றாழைப் பூச்சா?

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டுப் பக்கம் கலப்பின ஜெர்சி கட்டியிருக்கும் வீடுகளில் மடி வீங்கியதுமே மருந்துக்கடைக்கு ஆள் கிளம்பிவிடும். கடையில் எது இருக்கிறதோ அதுவே வைத்தியம் என்றாகிவிடுகிறது. காம்புத் துளை வழியாக மருந்து ஏற்றும் டியூபா, உடம்பில் போடும் ஊசியா என்பதை மாடும் பாலும்தான் தீர்மானிக்க வேண்டும்.

கறுப்புத் தட்டில் ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று நான்கு பீய்ச்சலைத் தனித்தனியாக விட்டுப் பாருங்கள். பால் திரிதிரியாக வந்து, மடி மெத்தென்று இருந்து, மாடு வழக்கம்போல் தின்றால் லேசான நோய். மடி இறுகிச் சூடாக இருந்து, தொட்டால் மாடு உதைத்தால் நடுத்தரம். பால் மஞ்சள் தண்ணீராக ஒழுகி, தீனி நின்று, காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கே டாக்டர் வர வேண்டும். 1962 எண்ணில் நடமாடும் கால்நடை வண்டியை அழைக்கலாம்.

காம்பு டியூபின் பெரிய பலம், மருந்து நோய் இருக்கும் இடத்திலேயே இறங்குவது. கொஞ்ச மருந்திலேயே பாலில் செறிவு கூடிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகளுக்கு, அதிலும் அகலாக்டியேவுக்கு, பென்சிலின் குடும்ப டியூப் நன்றாகவே கேட்கும். ஆனால் மடி கல்லாக இறுகியபின் பால் குழாய்கள் திரியாலும் வீக்கத்தாலும் அடைத்துக்கொள்வதால், மருந்து காம்புக்கு மேலே உள்ள பைக்குள்ளேயே தங்கிவிடும். அந்த நிலையில் டியூபை மட்டும் நம்பக்கூடாது.

டியூப் தோற்றதாகச் சொல்லும் பல இடங்களில் உண்மையில் தோற்றது ஏற்றிய முறை. மடியை முழுக்கக் கறந்து காலியாக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு காம்புக்கும் புதுப் பஞ்சு. ஒன்றுக்கு மேற்பட்ட காம்பு என்றால், துடைக்கும்போது தள்ளியிருக்கும் காம்பு முதலில், ஏற்றும்போது கிட்டே இருக்கும் காம்பு முதலில். அப்போதுதான் துடைத்த நுனியில் கை உரசாது. டியூப் முனையை முழுதாகச் செருகாமல் 3 மில்லிமீட்டர் உள்ளே விட்டாலே போதும். ஆழமாகக் குத்தினால் காம்புத் துளையின் உட்பூச்சு பெயர்ந்து, வெளிக்கிருமி சுலபமாக ஏறும். ஏற்றியபின் மேல்நோக்கி நீவிவிட்டு, 0.5 சதவீத அயோடின் கரைசலில் காம்பை முக்கி, அரைமணி நேரம் மாடு படுக்காதபடி பசுந்தீவனம் போட்டு நிறுத்துங்கள். ஒரே டியூபை இரண்டு காம்புக்குப் பங்கு போடுவதும், தசை ஊசி மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துக் காம்புக்குள் விடுவதும் கண்டிப்பாகக் கூடாது. காம்புத் துளையில் வேப்பங்குச்சி நுழைப்பது அதைவிட மோசம்.

ஊசி மருந்து ரத்தம் வழியாக மடிக்குப் போக வேண்டும். எல்லா மருந்தும் அங்கே ஒரே அளவில் சேர்வதில்லை. ரத்தத்தின் பி.ஹெச். (அமில-கார அளவு) 7.4, நல்ல பாலுடையது 6.6 அளவில். டைலோசின் போன்ற காரத்தன்மை உள்ள மருந்துகள் பாலுக்குள் இழுக்கப்பட்டுத் தங்கும். பென்சிலினும் செபலோஸ்போரினும் அமிலத் தன்மையுள்ளவை. ரத்தத்திலிருந்து பாலுக்குள் குறைவாகவே போகும். ஜென்டாமைசினும் பாலுக்குள் குறைவாகவே போகும். என்ரோஃப்ளாக்சசின் நன்றாக ஊடுருவும் என்றாலும், மனிதருக்கு மிக முக்கியமான மருந்து வகை என்பதால் எடுத்தவுடன் போடுவதற்கில்லை. செஃப்ட்ரையாக்சோனையும் அதே காரணத்தால் எடுத்தவுடன் போடக்கூடாது. ஆக, ஒரே ஒரு காம்பில் திரி வந்து மாடு நன்றாக இருந்தால் ஊசி தேவைக்கு மீறிய செலவு. காய்ச்சலும் சோர்வும் இருந்தால் ஊசி கட்டாயம், கூடவே டியூபும் தேவைப்படலாம்.

ஈ.கோலை தாக்கிய மாட்டுக்கு ஆண்டிபயாட்டிக்கைவிட, அடிக்கடி கறந்து நச்சை வெளியேற்றுவது, குளுக்கோஸ்-உப்பு நீர், வலியும் வீக்கமும் குறைக்கும் மெலாக்சிகாம் ஊசி ஆகியவை உயிர் காக்கும். மெலாக்சிகாம் கிலோவுக்கு அரை மில்லிகிராம். 350 கிலோ மாட்டுக்கு 175 மில்லிகிராம். ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் உள்ள புட்டியில் அது 35 மில்லி, 20 மில்லிகிராம் உள்ள புட்டியில் 9 மில்லிக்குள். புட்டி மாறினால் நான்கு மடங்கு மாறிப்போகும், லேபிளைப் படித்தே எடுக்க வேண்டும்.

தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பிவரும் கற்றாழைப் பூச்சை வீட்டு வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், வெற்றிலைச் சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் செந்நிற விழுது வரும். ஒரு கைப்பிடி எடுத்து 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, கழுவிய மடி முழுக்கப் பூசுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 10 முறை, 5 நாள். விழுது தினமும் புதிதாக அரைக்க வேண்டும். தினமும் இரண்டு எலுமிச்சையை நறுக்கி 3 நாள் தின்னக் கொடுப்பார்கள். லேசான நோய்க்கும் வீக்கத்துக்கும் இதைத் தாராளமாக முயலலாம், பாலில் ஆண்டிபயாட்டிக் எச்சமும் இருக்காது. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து முறை பூச ஆள் வேண்டும். காய்ச்சலோடு படுத்துவிட்ட மாட்டுக்கு இதை மட்டும் பூசிக் காத்திருப்பது ஆபத்து.

எல்லாவற்றுக்கும் அடங்காதது, மடியில் நாள்பட்டுத் தங்கிவிட்ட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி. செல்லுக்குள்ளும் சீழ்க்கட்டிக்குள்ளும் ஒளிந்துகொள்வதால், கறவையில் மருந்து போட்டால் பால் தெளியும், சில வாரத்தில் திரும்பும். கன்று ஈனுவதற்கு 60 நாள் முன்பு பால் வற்றவிடும்போது, கடைசிக் கறவைக்குப்பின் நான்கு காம்பிலும் தலா ஒரு பென்சத்தீன் கிளாக்சசிலின் டியூப் ஏற்றுவதே இதற்கு மேலான வழி. அது சாதாரண டியூப் அல்ல, பால் வற்றிய மாட்டுக்கென்றே உள்ளது. அதற்கும் கேட்காத மாட்டைக் கடைசியாகக் கறப்பதோ கழித்துவிடுவதோதான் மற்ற மாடுகளைக் காக்கும்.

எந்தக் கிருமி என்று தெரிய, முதல் மருந்துக்கு முன்பே பால் மாதிரி எடுத்தாக வேண்டும். காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் பீய்ச்சலைத் தள்ளிவிட்டு, நுண்ணுயிர் நீக்கிய குப்பியில் 5 முதல் 10 மில்லி பிடித்து ஐஸில் வைத்து, கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொடுங்கள்.

பால் ஊற்றுவதில் ஏமாறக்கூடாத இடம் ஒன்று உண்டு. ஒரு காம்பில் டியூப் ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும், மருந்து ரத்தம் வழியாக மற்றவற்றுக்கும் போகும். எத்தனை நாள் என்பது லேபிளில் இருக்கும். லேபிள் சொல்லாவிட்டால், மத்திய அரசு விதிப்படி பாலுக்குக் குறைந்தது 7 நாள். காய்ச்சினால் பெரும்பாலான மருந்து எச்சம் அழியாது. சங்கக் கேனில் கலந்தால் ஊரார் பாலும் சேர்ந்து கெடும். தயிர் உறைகிறதே என்று பார்த்து ஊற்றுவதும் சரியல்ல, குறைந்த அளவு எச்சம் இருந்தாலும் பால் உறைந்துவிடலாம். அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்டாமல் எருக்குழிக்கு அப்பால் கொட்டுங்கள்.