மலேசியத் தமிழர் தோட்டத்தைப் பற்றி மூன்று ஆய்வு நூல்கள்: முதலில் எதை வாங்கலாம்?

ஆங்கில வரலாற்று நூல்களில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பெரும்பாலும் ஒரே நாளுக்காகத்தான் வரும். 1948 ஜூன் 16. மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் (தோட்ட நிர்வாகிகள்) சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக ஆங்கில ஆட்சியின் அவசரகாலம் வந்தது, அத்தோடு கதை அவர்களைத் தேடிக் காட்டுக்குள் போய்விடும். அதே வட்டாரத்தில் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நின்ற தோட்டத் தொழிலாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்ட நூல்கள் முன்பு அதிகம் இல்லை. ரவீந்திர ஜெயின் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி ஆராய்ந்து எழுதிய நூல் 1970-இல் வந்தது. இப்போது பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் அடுத்தடுத்துக் கொண்டுவருகின்றன.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் ரப்பர் மரம் வெட்டிய, அதாவது பாலெடுக்க மரப்பட்டையைச் சீவிய, பாட்டிமார்களும் வந்து உட்காருவார்கள். கல்விப்புலப் பதிப்பகங்களின் விலைக்கு எல்லாவற்றையும் வாங்க முடியாது. அதனால் மூன்றை எடுத்துப் பார்த்தேன்: ஆண்ட்ரூ வில்ஃபர்டின் ‘தமிழ்ஸ் அண்ட் தி ஹான்டிங் ஆஃப் ஜஸ்டிஸ்’ (ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பகம், 2014), லின் ஹாலன் லீஸின் ‘பிளான்டிங் எம்பயர், கல்டிவேட்டிங் சப்ஜெக்ட்ஸ்’ (கேம்பிரிட்ஜ், 2017), அருணிமா தத்தாவின் ‘ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்’ (கேம்பிரிட்ஜ், 2021).

லீஸ் வரலாற்றாசிரியர். 1786 முதல் 1941 வரையிலான மலாயாவைத் தோட்டம், நகரம் என்று இரண்டு உலகங்களாக வைத்துப் பேசுகிறார். தோட்டத்தில் துரை, கிராணி (எழுத்தர்), கங்காணி (தொழிலாளர்களை மேற்பார்ப்பவர்) என்று அதிகாரம் ஒரே கோட்டில் இறங்கும். நகரத்தில் கடை, பத்திரிகை, சங்கம், பள்ளி என்று மனிதன் மூச்சுவிட இடம் இருந்தது. பினாங்கை அடுத்த செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களைப் பற்றிய பகுதி அருமை. ரப்பருக்கு முன்பே நம் ஆட்கள் எதில் சிக்கினார்கள் என்பது அதில் தெரியும். ஆனால் பரப்பு பெரியது. தமிழர் அதில் பலரில் ஒருவர்.

வில்ஃபர்ட் மானுடவியலாளர், ஆட்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதியவர். தோட்டம் விற்கப்படுகிறது, லயம் (தொழிலாளர் வரிசை வீடு) உடைகிறது, கோயிலுக்கு நோட்டீஸ் வருகிறது, தலைமுறைகளாக அங்கே இருந்தவர்கள் திடீரென்று அத்துமீறிக் குடியேறியவர்கள் ஆகிவிடுகிறார்கள். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் பேரணிக்கு அத்தனை பேர் ஏன் திரண்டார்கள் என்பதை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல நூலை நான் வாசித்ததில்லை. அவர்கள் கேட்டது இழப்பீடு மட்டுமல்ல, இந்த மண்ணை ஆக்கியதில் எங்களுக்கும் பங்குண்டு என்று யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும்தான் என்கிறார். பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த இடத்தில்தான் இன்று மலேசியாவின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா நிற்கிறது என்பதை நினைத்துக்கொண்டு வாசித்தால் அந்த வாதத்தின் கனம் புரியும்.

குறை என்னவென்றால், தெரிதா, லக்கான் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர்களின் தத்துவச் சுமை அதிகம். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. பக்கத்துக்குப் பக்கம் காயமே தெரிவதால், அந்தத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நகர்த்திய தருணங்கள் பின்னால் போய்விடுகின்றன.

அந்தத் தருணங்களைத்தான் தத்தா தேடிப் போகிறார். கூலிப் பெண்களைப் பற்றி அன்று இரண்டே பேச்சுதான்: பாவம், அல்லது ஒழுக்கம் கெட்டவள். ஆட்சியாளர்களும் அப்படித்தான் எழுதினார்கள், இந்தியத் தேசியவாதிகளும் பெரும்பாலும் அப்படித்தான் பேசினார்கள். தத்தா நீதிமன்றக் கோப்புகளையும் செய்திகளையும் கடிதங்களையும் கிளறி, அடிக்கும் கணவனை விட்டுப் போனவள், சாட்சிக் கூண்டில் தன் பக்கத்தைச் சொன்னவள், 1943-இல் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவள் என்று பலரைக் கொண்டுவருகிறார். அடுத்தவன் மனைவியைக் கூட்டிப்போனான் என்ற வழக்குகளைப் பற்றிய பகுதிதான் நூலின் உயிர். சட்டத்தின் கண்ணில் குற்றம் செய்தவன் ஆண், பறிபோன சொத்து பெண். ஆனால் விசாரணையைக் கூர்ந்து வாசித்தால், போவதென்று முடிவெடுத்தவள் அவள்தான் என்பது பல இடங்களில் தெரிகிறது.

இந்தப் பகுதியின் சாரத்தை ஒரு நாள் வட்டத்தில் தமிழில் சொன்னேன். யாரும் கேட்காமலே ஒரு பாட்டி பேச ஆரம்பித்தார். அவருடைய அம்மா கைப்பிள்ளையோடு இரவில் கிளம்பி, ரப்பர் காட்டு வழியாகவே அடுத்த தோட்டத்துக்குப் போய், அங்கே அக்கா வீட்டில் தங்கி மறுவாரமே பேர் பதிந்துகொண்டாராம். “கங்காணி வந்து கூப்பிட்டாரு, அம்மா போவலை” என்றார். வில்ஃபர்டின் நூலைப் பற்றிப் பேசியபோது இதே பாட்டி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தத்தாவிடமும் கேள்வி கேட்க இடமிருக்கிறது. அந்தப் பெண்களின் சொல் நமக்கு மாஜிஸ்திரேட்டின் பேனா வழியாகத்தான் வருகிறது. சில இடங்களில் மௌனத்துக்கு அவர் தரும் பொருள் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. இன்னொன்று, கல்லூரிப் பிள்ளைகள் இதை மட்டும் வாசித்தால் பாட்டிமார்கள் சுதந்திரமாகத்தான் இருந்தார்கள் என்று நினைத்துவிடலாம். 1920களின் இறுதியில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40. 1930-இல் அதுவும் முறையே 40, 32 என்று வெட்டப்பட்டது. அந்தக் கூலிக்குள் நின்றுகொண்டு எடுத்த முடிவுகள் இவை. நூலின் தலைப்பே சொல்வதுபோல், கிடைத்த வாய்ப்பு கணநேரத்தில் நழுவக்கூடியது. ஆசிரியர் அதை மறக்கவில்லை.

அதனால் என் ஓட்டு தத்தாவுக்கு. ஐம்பதுகளில், அறுபதுகளில் மரம் வெட்டியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பேச வைக்கிற நூல் முதலில் வரட்டும். அடுத்து வில்ஃபர்ட், தத்துவ முன்னுரையைக் கடைசிக்கு ஒத்திவைத்துவிட்டு. லீஸை நூலகத்தில் இரவல் எடுத்தால் போதும். வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு அது நன்றாகப் பயன்படும். தத்தாவின் அந்த அத்தியாயத்தை எடுக்கும் நாளில் பாட்டிமார்களைக் கட்டாயம் அழைக்க வேண்டும். பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுவோம்.