கேடயத்துக்கு விலை வைக்கும் 'சர்வதேச' விழா: அனிமேஷன் மாணவர்கள் கவனத்துக்கு

முதல் அனிமேஷன் படத்தை முடித்துவிட்டு, எந்த விருதுக்கு அனுப்பலாம் என்று தேடிக்கொண்டிருக்கும் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

என் தங்கை மகள் காட்சித் தொடர்பியல் மாணவி. சுங்குடிச் சேலையின் புள்ளிகள் துணியைவிட்டு இறங்கி வைகை மணலில் ஓடித் திரிவதாக மூன்று நிமிடப் படம் ஒன்றைக் கையாலேயே வரைந்தாள். நொடிக்கு 12 ஓவியம் என்று வைத்தால் 2,160 ஓவியங்கள். பேச்சே கிடையாது, இசை மட்டும்தான்.

நகரில் 'சர்வதேசத் திரைப்பட விழா' நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் அமைப்பு, அறிமுக அனிமேஷன் இயக்குநர் பிரிவுக்கு 1,200 ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேர்மையான விழாக்கள் பலவும் வாங்கத்தான் செய்கின்றன. ஆனால் மறுநாளே 'உங்கள் படம் விருதுக்குத் தேர்வாகிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தது. கூடவே கேடயம், சான்றிதழ், மேடைச் செலவு என்று பட்டியல் போட்டு 6,500 ரூபாய் கேட்டார்கள். இரண்டு நாளில் கட்டாவிட்டால் விருது அடுத்தவருக்குப் போய்விடுமாம். நகைச்சீட்டுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துத் தங்கை கட்டினாள். பணம் போய்ச் சேர்ந்தது அமைப்பின் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபரின் கணக்குக்கு.

விழா நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். திரையும் இல்லை, புரொஜெக்டரும் இல்லை. ஒரு படத்தைக்கூடப் போட்டுக்காட்டவில்லை. பெயரை வாசிக்க வாசிக்க ஆட்கள் மேடையேறி, பொன்னாடை வாங்கி, புகைப்படத்துக்கு நின்றுவிட்டு இறங்கினார்கள். பந்தியில் வடை வைப்பதுபோல, வந்தவர் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு விருது. இவளுக்குக் கிடைத்த கேடயத்தில் பொறித்திருந்தது: 'சிறந்த வசனம்'.

"மாமா, என் படத்தில் யாருமே பேசவில்லையே!"

வீட்டுக்கு வந்ததும், விழாக்காரர்கள் பார்ப்பதற்கென்றே படத்தைத் தனியாக இணையத்தில் ஏற்றிக் கொடுத்திருந்த இணைப்பைத் திறந்து பார்த்தாள். பார்வை எண்ணிக்கை 0. நடுவர்கள் யார் என்று தொலைபேசியில் கேட்டேன். அது ரகசியமாம்.

பிரான்சின் அன்னெசி நகரில் 1960 முதல் நடந்துவரும் அனிமேஷன் விழாவில் மாணவர்களின் பட்டப்படிப்புப் படங்களுக்கென்றே தனிப் போட்டி உண்டு. தேர்வான படங்களைத் திரையரங்கில் ஊரறியக் காட்டுகிறார்கள். நடுவர்களின் பெயரையும் வெளியிடுகிறார்கள். ஆஸ்கர் வழங்கும் அகாடமி 1972-இல் தொடங்கிய மாணவர் விருதுகளிலும் அனிமேஷனுக்கு இடமிருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் ஆகியவற்றுக்காக மும்பையில் 1990 முதல் சர்வதேச விழா நடக்கிறது. தேசியத் திரைப்பட விருது வென்றவருக்கு அரசுதான் பணம் கொடுக்கிறது. வென்றவரிடமே கேடயத்துக்குக் காசு கேட்பதற்குப் பெயர் வியாபாரம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில், அதே கைபேசி எண்ணைப் போட்டு, கல்லூரி வாசல்களில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதையும் மின்னஞ்சலையும் அழித்துவிடாமல் நீங்களும் 1915-இல் பதிவு செய்யுங்கள்.