கிரிப்டோவுக்கு வட்டி தரும் ஆப்பில் காயினைப் போடுமுன் இதைப் படியுங்கள்

காயினை எங்களிடம் போட்டு வையுங்கள், வாராவாரம் வட்டி வரும். அவசரம் என்றால் அதையே அடமானமாக வைத்துக் கடன் வாங்கலாம். கடையில் தேய்க்க கார்டும் உண்டு. கிரிப்டோவுக்கு வங்கி போல நடக்கும் சேவைகள் எல்லாம் இப்படித்தான் அழைக்கின்றன. 2022இல் இவற்றில் பல வரிசையாக விழுந்தன. அவற்றை நம்பிக் காயின் போட்டவர்களில் பலரிடம், "அந்தக் காயின் உங்களுடையதே அல்ல" என்று நீதிமன்றமே சொன்னது. காயின் விலை சரிந்ததைவிட இதுதான் பெரிய அடி. எப்படி அந்த நிலை வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் இன்னொரு ஆப்பில் காயினைப் போடாதீர்கள்.

செல்சியஸ் நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். சுமார் 17 லட்சம் பேர் பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம். 17 சதவீதம் வரை வட்டி என்று விளம்பரம். வங்கிகள் உங்களுக்கு நண்பர்கள் அல்ல என்று நிறுவனர் அலெக்ஸ் மஷின்ஸ்கி வாரந்தோறும் யூடியூபில் பேசினார். 2022 ஜூன் 11 அன்று, செல்சியஸிலிருந்து பணம் எடுக்க முடியாத ஒரே ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா என்று ட்விட்டரில் சவால் விட்டார். மறுநாளே எல்லாருடைய வித்ட்ராயலையும் நிறுத்தினார்கள். ஜூலை 13 அன்று நியூயார்க்கில் திவால் மனு போட்டார்கள். கணக்கில் சுமார் 120 கோடி டாலர் ஓட்டை இருப்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

2023 ஜனவரி 4 அன்று நீதிபதி மார்ட்டின் க்ளென் தீர்ப்பு சொன்னார். வட்டி தரும் 'ஏர்ன்' கணக்குகள் சுமார் 6 லட்சம். அவற்றில் இருந்த காயின்களின் மதிப்பு சுமார் 420 கோடி டாலர். அத்தனையும் நிறுவனத்தின் சொத்து என்றார். 'ஏற்கிறேன்' என்று எல்லாரும் டிக் அடித்த விதிமுறைகளிலேயே அது எழுதியிருந்தது: காயினை அனுப்பியதும் அதன் உரிமை முழுவதும் செல்சியஸுக்கு மாறிவிடும், அதை அவர்கள் விற்கலாம், கடன் கொடுக்கலாம், வேறு இடத்தில் அடகு வைக்கலாம். ஆகவே டெபாசிட் போட்டவர்கள் எந்தப் பிணையும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களாக வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. மஷின்ஸ்கி மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; 2025 மே மாதம் 12 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அதனால் போட்டவர்களின் காயின் திரும்பிவிடவில்லை.

திவாலுக்குள் போன பிறகும் பலர் எதிர்பாராத இரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாவது, உங்களுக்கு வர வேண்டியது காயினாகக் கணக்கில் நிற்காது. மனு போட்ட நாளின் டாலர் மதிப்பில் உறைந்துவிடும். அன்று பிட்காயின் 20 ஆயிரம் டாலருக்கும் கீழே. 2024 தொடக்கத்தில் பட்டுவாடா ஆரம்பித்தபோது விலை 40 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு பிட்காயின் போட்டவர் பெயரில் அப்போதும் இருந்தது அந்தப் பழைய மதிப்புதான். இரண்டாவது, முன்கூட்டியே சுதாரித்துப் பணத்தை எடுத்தவர்களும் தப்பவில்லை. அமெரிக்கத் திவால் சட்டத்தில், மனுவுக்கு முந்தைய 90 நாட்களில் எடுத்த தொகையைத் திரும்பக் கேட்க முடியும். செல்சியஸில் அந்தக் காலத்தில் 1 லட்சம் டாலருக்கு மேல் எடுத்தவர்களைத் தேடி நோட்டீஸ் போனது.

வட்டி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிட்காயின் தானாக வட்டி ஈனாது. உங்கள் காயினை யாரோ கடனாக வாங்கி ஆபத்தான வியாபாரத்தில் போட்டால்தான் அது வரும். வாயேஜர் டிஜிட்டல் என்ற நிறுவனம் த்ரீ ஆரோஸ் கேபிடல் என்ற ஒரே நிதியத்துக்கு 15,250 பிட்காயினும் 35 கோடி யுஎஸ்டிசியும் (ஒரு டாலருக்குச் சமமாக வைக்கப்படும் காயின்) கொடுத்திருந்தது, பிணை எதுவும் வாங்காமல். டெரா-லூனா என்ற காயின்கள் 2022 மே மாதம் சரிந்ததில் அந்த நிதியம் சாய்ந்தது. ஜூலை 1 அன்று வாயேஜர் வித்ட்ராயலை மூடியது. இதில் கொடுமை, வாயேஜர் தன் வாடிக்கையாளர்களின் பணத்துக்கு அமெரிக்க டெபாசிட் காப்பீடு உண்டு என்று விளம்பரம் செய்திருந்தது. அந்தக் காப்பீடு வங்கி மூழ்கினால்தான் பொருந்தும். ஆப் நடத்தும் நிறுவனம் மூழ்கினால் பொருந்தாது. காப்பீட்டு அமைப்பும் மத்திய வங்கியும் விளம்பரத்தை நிறுத்தச் சொன்னபோது வாயேஜர் ஏற்கெனவே திவாலாகியிருந்தது.

நம் ஊருக்கும் இதே கதைதான். வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடு கிரிப்டோவுக்கு ஒரு பைசாகூடக் கிடையாது. இந்தியர்கள் தொடங்கி, சிங்கப்பூரைத் தலைமையிடமாக வைத்து நடத்திய வால்ட், 2022 ஜூலை 4 அன்று வித்ட்ராயலை நிறுத்தியது. அடுத்த மாதமே அதன் இந்தியக் கிளை நிறுவனத்தின் சுமார் 370 கோடி ரூபாய் சொத்தை அமலாக்கத்துறை முடக்கியது. ஆப் ரூபாயில் பேசும், கஸ்டமர் கேர் நம்மூர்க்காரராக இருப்பார். ஒப்பந்தம் மட்டும் சிங்கப்பூர் நிறுவனத்தோடு இருக்கும். பிரச்சினை என்றால் அங்குள்ள நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும்.

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், வசீர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் முடங்கிய 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின்கள் பற்றிய வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொல்லி இடைக்காலப் பாதுகாப்பு தந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டு 'ஏர்ன்' பட்டனை அழுத்தியவர் இதை நம்பி உட்கார முடியாது.

எந்தக் கணக்கில் காயின் இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். பிளாக்ஃபை என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தில் வட்டிக் கணக்கு தனி, வட்டியில்லாமல் காயினை வைத்திருக்க மட்டும் உதவும் வாலட் தனி. 2022 நவம்பர் 10 அன்று முடக்கம் அறிவித்த பிறகும், வட்டிக் கணக்கிலிருந்து வாலட்டுக்குக் காயினை மாற்ற ஆப் அனுமதித்தது. திரையில் மாறியதாகவும் காட்டியது. பலர் அவசர அவசரமாக மாற்றினார்கள். 2023 மே மாதம் நீதிமன்றம், முடக்கத்துக்கு முன்பே வாலட்டில் இருந்த சுமார் 29.7 கோடி டாலர் வாடிக்கையாளருடையது, அதற்குப் பிறகு நடந்த மாற்றங்கள் செல்லாது என்றது. திரையில் தெரியும் பேலன்ஸ் சாட்சி ஆகாது.

ஆகவே பணம் போடுமுன் விதிமுறைகள் பக்கத்தைத் திறந்து தேடல் பெட்டியில் இந்த ஆங்கிலச் சொற்களைப் போடுங்கள்: டைட்டில் (title, உரிமை), பிளெட்ஜ் (pledge, அடகு), ரீஹைப்பாதிகேட் (rehypothecate, மறு அடகு), கமிங்கிள் (commingle, கலந்து வைத்தல்), அன்செக்யூர்ட் (unsecured, பிணையில்லாத), சஸ்பெண்ட் (suspend, நிறுத்திவைத்தல்). முதல் மூன்றில் எது வந்தாலும் அந்தப் பத்தியை முழுதாகப் படியுங்கள். உரிமை அவர்களுக்குப் போகிறது என்றால் நீங்கள் கடன் கொடுக்கிறீர்கள், சேமிக்கவில்லை. ஒப்பந்தம் போடும் நிறுவனத்தின் பெயரும் எந்த நாட்டுச் சட்டம் என்பதும் பெரும்பாலும் பக்கத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோ இருக்கும்.

அடமானக் கடனில் கணக்கு இன்னும் கொடியது. 10 லட்சம் ரூபாய் பிட்காயினை வைத்து 5 லட்சம் கடன் வாங்கினால் கடன் விகிதம் 50 சதவீதம். விலை 40 சதவீதம் சரிந்தால் அடமானம் 6 லட்சமாகி விகிதம் 83 ஆகும். ஒப்பந்தத்தில் விற்கும் வரம்பு 80 என்றிருந்தால், உங்களைக் கேட்காமலே காயின் விற்றுப்போகும். 2022 ஜூன் தொடக்கத்தில் 30 ஆயிரம் டாலரை ஒட்டியிருந்த பிட்காயின் அந்த மாதத்துக்குள்ளேயே 20 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. கார்டும் அப்படித்தான், பின்னால் இருக்கும் நிறுவனத்தின் கையில். 2020 ஜூனில் வயர்கார்டு என்ற ஜெர்மன் பணப்பட்டுவாடா நிறுவனம் விழுந்தபோது, அதன் வழியாக வந்த கிரிப்டோ கார்டுகள் ஒரே நாளில் வேலை செய்யாமல் நின்றன.

இப்போதே காயின் உள்ளே இருந்தால் வெளியே எடுங்கள். முதலில் பரிவர்த்தனைப் பட்டியல் முழுவதையும் சிஎஸ்வி ஃபைலாக இறக்கிக்கொள்ளுங்கள். ஆப் மூடிய பிறகு அது கிடைக்காமல் போகலாம், வருமான வரிக்கும் வேண்டும். பிறகு உங்கள் சொந்த வாலட்டுக்குச் சிறு தொகை ஒன்றை அனுப்பி, அது வந்து சேர்ந்ததைப் பார்த்த பின் மீதியை அனுப்புங்கள். யுஎஸ்டிடி காயின் என்றால் எந்த நெட்வொர்க்கில் அனுப்புகிறீர்கள் என்று சரிபாருங்கள்: ட்ரான் முகவரி T எழுத்தில் தொடங்கும், எத்தீரியம் முகவரி 0x என்று தொடங்கும். எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்ஆர்பி அனுப்பினால் அங்கே உங்கள் கணக்கு எது என்று காட்டும் டேக் எண்ணை விட்டுவிடாதீர்கள். முகவரியின் தலையும் வாலும் மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். அதே தலை வாலோடு போலி முகவரியை உருவாக்கி உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். வாலட்டைத் திரும்பப் பெற உதவும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைத் தாளில் எழுதுங்கள், போட்டோ எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே முடங்கிய ஆப்பில் மாட்டியிருந்தால், உரிமைகோரல் மனுவுக்கான கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். அந்தத் தேதிக்குப் பின் வந்தவருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. கூடவே வேறு ஒரு கூட்டம் உங்களைத் தேடி வரும். 2022 அக்டோபரில் செல்சியஸ் வாடிக்கையாளர்களின் பெயரும் பரிவர்த்தனைகளும் நீதிமன்ற ஆவணத்திலேயே வெளியாகின. 2023 ஆகஸ்டில், பிளாக்ஃபை உள்ளிட்ட வழக்குகளின் உரிமைகோரல்களைக் கையாண்ட க்ரோல் நிறுவனத்தில் தகவல் திருட்டு நடந்தது. யாருக்கு எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று மோசடிக்காரர்களுக்குத் தெரியும். 'உங்கள் பங்கு தயார், வாலட்டை இணையுங்கள்' என்று வரும் மின்னஞ்சலையும், 'வரி கட்டினால் விடுவிப்போம்' என்று வரும் வாட்ஸ்அப்பையும் திறக்காதீர்கள். உண்மையான பட்டுவாடாவுக்கு யாரும் முன்பணமோ அந்த 12 சொற்களையோ கேட்க மாட்டார்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். பரிவர்த்தனை ஹாஷ் (அந்தப் பரிவர்த்தனையின் அடையாளக் குறியீடு), பெற்றவரின் முகவரி, வங்கியிலிருந்து போயிருந்தால் யுடிஆர் எண் (வங்கிப் பரிமாற்றத்தின் குறிப்பு எண்) மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.