கம்பியில் கரன்ட் விடலாமா, தண்டவாளத்திலேயே எடுக்கலாமா?

வீட்டில் மாடல் எலக்ட்ரிக் இன்ஜின் ஓட்ட மேலே கம்பி கட்டுகிறவர்கள் முதலில் முடிவு செய்யவேண்டியது இதைத்தான். கம்பியில் உண்மையாகவே கரன்ட் விடுவதா, கம்பியைச் சும்மா விட்டுவிட்டுத் தண்டவாளத்திலிருந்தே எடுப்பதா? நான் இரண்டாவது கட்சி. ஆனால் பேன்டோகிராஃப், அதாவது இன்ஜின் கூரைமேல் கம்பியைத் தொட நிற்கும் மடக்குக் கை, கம்பியைத் தொட்டபடிதான் ஓடவேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கரன்ட் விடுவதால் ஆதாயம் பழைய டி.சி. கன்ட்ரோலர் (வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகம் மாற்றுவது) வைத்திருப்பவர்களுக்கு. டீசல் இன்ஜின் இரண்டு தண்டவாளத்திலிருந்தும் எடுக்கும்; எலக்ட்ரிக் இன்ஜின் கம்பியிலிருந்தும் பொதுவான ஒரு தண்டவாளத்திலிருந்தும் எடுக்கும். ஒரே பாதையில் இரண்டு வண்டி, தனித்தனி வேகம். ஆனால் இன்ஜினைத் திருப்பி வைத்தால் பொதுத் தண்டவாளம் மாறிப்போய் அடுத்த கன்ட்ரோலரின் கரன்ட்டும் கலந்துவிடும். டிஜிட்டல் முறையான டி.சி.சி.யில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி எண் இருப்பதால் அந்த ஆதாயமும் இல்லை. மிஞ்சுவது பராமரிப்புதான். ஏற்காட்டு மூடுபனியில் செம்பு கறுத்துவிடும், சேலத்தில் தூசி. நம் பயணிகள் ரயில்களை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.7 எலக்ட்ரிக் இன்ஜினுக்குச் சக்கரம் பன்னிரண்டு, கம்பியைத் தொடுவதோ ஒரே ஒரு பட்டை. அது ஒரு கணம் துள்ளினாலும் விளக்கு சிமிட்டும், ஹாரன் பாதியில் அறுந்துபோகும்.

கம்பிக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே பேன்டோகிராஃபை நூலால் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. எங்கும் மாட்டாது, உண்மைதான். பக்கவாட்டில் பார்த்தால் அந்த இடைவெளி கண்ணை உறுத்தும்.

உண்மையான வேலை கம்பி கட்டுவதில் இருக்கிறது. சேலம் ஜங்ஷன் நடைமேம்பாலத்திலிருந்து பாருங்கள்: நேர்ப்பாதையிலும் கம்பி வளைந்து வளைந்து போகும். பேன்டோகிராஃப் ஒரே இடத்தில் தேயாமலிருக்க இருபுறமும் சுமார் 20 செ.மீ. தள்ளிக் கட்டுகிறார்கள். 87-ல் ஒரு பங்கான எச்.ஓ. அளவில் அது 2.3 மி.மீ. நேர்ப்பாதையில் கம்பங்களுக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர், நமக்கு 83 செ.மீ. வளைவில் அவ்வளவு விட முடியாது. 60 செ.மீ. ஆர வளைவில் 20 செ.மீ.க்கு ஒரு கம்பம் நட்டாலே, நடுவில் கம்பி 8 மி.மீ. உள்ளே ஒதுங்கும். நம் பேன்டோகிராஃபின் பாதி அகலமோ ஏறக்குறைய 10 மி.மீ. அதனால் கம்பத்தருகே 4 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளிக் கட்டுங்கள். நடுவில் 4 மி.மீ. உட்பக்கம் வரும். சரியாக இருக்கும்.

கம்பிகளைத் தொங்கும் நிலையில் பற்றவைக்காதீர்கள். பலகையில் இரண்டு வரிசை ஆணி அடித்து, தாங்கும் மேல்கம்பியையும் பேன்டோகிராஃப் தொடும் கீழ்க்கம்பியையும் இழுத்து மாட்டி, நடுவில் குச்சிக் கம்பிகளை வைத்து, சால்டரிங் அயர்னின் நுனியை மட்டும் தொட்டெடுங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்றவைப்பவரின் கை வேகம் இதற்கு வேண்டும். சூடு தங்கினால் கம்பி தளர்ந்துவிடும்.

குகைக்குள் கம்பி வேண்டாம். ஆனால் வெளிவரும் வாயில், மேலெழும்பிய பேன்டோகிராஃபைக் கம்பி உயரத்துக்கு மெல்ல இறக்கும் சரிவுப் பட்டை ஒன்று கட்டாயம். இன்ஜினில் பின்பக்கத்து பேன்டோகிராஃபை உயர்த்துங்கள். பெரிய ரயிலிலும் பெரும்பாலும் அப்படித்தான், உடைந்தாலும் முன்னால் இருப்பதில் போய் மோதாது.