பிக்கப் எடுக்கப் போகிறவர்கள் கொட்டேஷனை வரி வரியாகக் கேளுங்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போவதற்காக என் தம்பி கடன் போட்டு ஒரு பிக்கப் எடுத்தான். ஷோரூமில் அவனை ஏமாற்றிய விதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் இன்னும் பலர் புது வண்டிக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"லோடோட பதினேழு தாராளமா கொடுக்கும்ண்ணே" என்று சேல்ஸ்மேன் அடித்துச் சொன்னார். டேங்க்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தால் லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. போய்க் கேட்டதும், "அது டெஸ்ட் மைலேஜ் சார்" என்றார் மேனேஜர். அந்த டெஸ்ட், ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. லோடு ஏற்றி மலை ஏறும்போது அந்தக் கணக்கு நிற்காது. ஓடுகிற வண்டிக்காரர்களிடம் கேளுங்கள், ஷோரூமில் கேட்காதீர்கள்.

அதைவிட மோசம் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங். பில்லில் "ஆக்சஸரீஸ் கிட், ரூ. 38,000" என்று ஒரே வரி. கிட் எடுத்தால்தான் டெலிவரி சீக்கிரம் கிடைக்கும் என்றார்கள். உள்ளே என்னென்ன என்று பிரித்துக் கேட்டால், முன்பக்கம் பம்பரை ஒட்டி மாட்டும் இரும்புத் தடுப்பு (கார்டு), கூரை கேரியர், சீட் கவர், பாட்டுப் பெட்டி. இந்த கார்டு சட்டப்படி பொருத்தவே கூடாதது. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதைக் காசு வாங்கி மாட்டிவிட்டார்கள், அபராதம் கட்டியது தம்பி. கார்டின் எடையும் கேரியர் பிடிக்கிற காற்றும் டீசலைத்தான் தின்னும்.

அப்புறம் நம்பர் பிளேட்டுக்குத் தனிக் காசு. 2019 ஏப்ரல் 1-க்குப் பின் தயாரான வண்டிகளுக்கு அதைக் கம்பெனியே தர வேண்டும், விலையும் வண்டி விலையில் அடக்கம். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று வாங்கியதில் ஒரு பைசாகூட ஆர்டிஓவுக்குப் போகாது. இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் பிரீமியம் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதியில், வெளியே விசாரித்தபோது அது நிறையவே குறைவாக இருந்தது.

"கமர்ஷியல் வண்டிக்கு கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் கிடையாது" என்று மிரட்டினால் நம்பாதீர்கள். சுயதொழிலாகத் தானே ஓட்டிப் பிழைக்கிறவரையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசி புகார் பதிந்த பிறகு ஹேண்ட்லிங் சார்ஜ் திரும்ப வந்தது. மாட்டிய பொருளுக்குப் பணம் கிடையாது என்றுவிட்டார்கள். சரி, கார்டைக் கழற்றிவிட்டு, கிட் பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய்தான். பில், கொட்டேஷன், சேல்ஸ்மேன் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள், மனுவோடு அவற்றைத்தான் இணைக்க வேண்டும்.